ஆமென் சொல்லும் வரை

இன்றைய செய்திக்கு மூன்று தலைப்பு என்று இவர் சொன்னதுமே எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. அடக்கம், அர்ப்பணம், அமைதி. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் சபைக்கு நினைவில் நிற்காதாம். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படி வாசலில் வந்து நிற்பார், “எப்சி, விசுவாசம், விழிப்பு ரெண்டும் கிடைச்சிட்டு, ‘வி’ல இன்னொண்ணு சொல்லேன்” என்பார், நான் மாவைக் கரைத்துக்கொண்டே விடுதலை என்பேன், மறுநாள் காலையில் அதே விடுதலை ஆவியானவர் கொடுத்த வார்த்தையாகிப் பிரசங்க பீடத்தின் மேலிருந்து எனக்கே இறங்கி வரும், நானும் முதன்முறை கேட்கிறவளாட்டம் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நான் உட்கார்ந்திருப்பது பெண்கள் பக்கம் முதல் வரிசை. சேகரத்துக் குருவானவரை இங்கே ஐயர் என்பார்கள், அவர் பெண்டாட்டி ஐயரம்மா. நான் ஆராய்ச்சிக்குப் போகிற யுனிவர்சிட்டிக்கு ஒருநாள் எங்கள் சபைத் தங்கபுஷ்பம் அக்கா போன் பண்ணி “ஐயரம்மா இருக்காவளா” என்று கேட்க, எடுத்த பெண் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். சிரித்தேன் அன்றைக்கு. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஐயரம்மா கொட்டாவி விடக் கூடாது, பின்சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, முக்காடு நழுவினால் உடனே இழுத்துவிட வேண்டும். இந்தச் சேலைக்கு முக்காடு நிற்கவே மாட்டேன் என்கிறது. மேலே மின்விசிறி நீளக் கம்பியில் தொங்கிச் சுற்றுகிறது, காற்று பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. இந்த வாரம் மட்டும் இவர் அடுப்படிப் பக்கம் வரவே இல்லை. மூன்று ‘அ’வையும் தனியாகவே பிடித்துவிட்டாரே என்று நேற்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டதோடு விட்டிருக்கக் கூடாது.

“பிரியமானவர்களே, பல நூறு வருஷங்களுக்கு முன்னால, மேல்நாட்டுல, கம்பளி நெய்யிற ஒரு ஊர்ல, லீஸ்பெத்னு ஒரு தாயார் வாழ்ந்தாங்க” என்றார் இவர். நான் முக்காட்டை இழுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டேன். என் லீஸ்பெத். என் மூன்றாம் அத்தியாயம். நாலு வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, லத்தீன் அகராதியை ஒரு கையிலும் இட்லிக் கரண்டியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ் நாட்டு மூலை ஒன்றிலிருந்து நான் தோண்டி எடுத்த மனுஷி, இதோ கனகவிளைச் சபைக்கு ஞாயிற்றுக்கிழமை உதாரணமாக வந்து நிற்கிறாள். கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்டாரா? மேசைமேல் நான் தமிழில் எழுதிப் போட்டிருந்த தாள்களை எடுத்திருக்கிறார். எடுத்தவர் முழுதாகப் படித்திருந்தாலாவது ஆறுதல். முதல் நாலு பக்கத்தோடு மூடி வைத்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், “அந்தத் தாயார் ஒரு புறாவைப் போல மௌனமா இருந்தாங்க” என்கிறாரே, அந்தப் புறா நாலாம் பக்கத்துக் கடைசியில் இருக்கிறது. அதைச் சொன்னது நான் இல்லை. லீஸ்பெத்திடம் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவானவர், அவள் செத்தபிறகு அவள் சரித்திரத்தை எழுதி வைத்தவர், அவர் சொன்னது. அவர் அப்படிச் சொன்னார், ஆனால் அது பொய், ஏன் பொய் என்றால், என்றுதான் ஐந்தாம் பக்கம் ஆரம்பிக்கிறது. தாளைத் திருப்ப ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலுக்கு இவருக்கு நேரம் இல்லை.

லீஸ்பெத் புறாவும் இல்லை, ஒன்றும் இல்லை. கன்னியர் மடத்தில் சேராமல், கல்யாணமும் கட்டாமல், நூல் நூற்றுப் பிழைத்துக்கொண்டு நாலைந்து பெண்களாக ஒரே வீட்டில் ஜெபமும் வேலையுமாக இருந்தவர்களில் ஒருத்தி. அப்படிப்பட்ட வீடுகள் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் நிறைய. இவள் சந்தை முக்கில் நின்று பேசினாள், ஜனம் கூடியது, விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீ பிரசங்கம் பண்ணினாயா என்று கேட்டார்கள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: நான் பிரசங்கம் பண்ணவில்லை, ஜெபம் பண்ணினேன். அவ்வளவுதான். அவளை விட்டுவிட்டார்கள். அந்த ஒரு பதிலில்தான் என் ஆராய்ச்சி வண்டி அச்சு முறிந்து கிடக்கிறது. அத்தியாயத்துக்கு நான் வைத்த தலைப்பு ‘பிரசங்கித்த பெண்’. என் கைடு மீனலோசனி மேடம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, “எப்சிபா, அவளே இல்லைங்கிறா. நீ ஆமாங்கிற. நான் யாரை நம்பட்டும்?” என்றார்கள். அவள் பயத்தில் சொல்லியிருக்கலாம் மேடம் என்றேன். “லாம்னு முடியுற வாக்கியத்துக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுக்க மாட்டாங்க. ஜெபம் வேற, பிரசங்கம் வேற. நீ பாதிரியார் வீட்டம்மாதானே, உனக்கே தெரியாதா?” தெரியும் மேடம், தெரிந்து என்ன செய்ய. திங்கட்கிழமைக்குள், அதாவது நாளைக்குள், ஒரு பதில் சொல்லு, இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிடு என்றார்கள். அதைத் தூக்கினால் மற்றதெல்லாம் தானாகச் சரியும், அது அவர்களுக்கும் தெரியும். உங்கள் ஊர்ப்பக்கத்து மிஷனரி அம்மாக்களைப் பற்றியே பண்ணியிருக்கலாமே, உனக்கு எதுக்கு பிளாண்டர்ஸ் என்றும் ஒரு கேள்வி. அதற்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. லீஸ்பெத்தின் அந்த ஒரு வரி பதிலைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் என்றா சொல்ல முடியும்.

“முதலாவது, அடக்கம்” என்கிறார் இவர், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்கிறார். இப்படிச் சாய்ந்தால் ஒரு கதை வரும். அங்கியில் இடது தோளில் சுருக்கம் தெரிகிறது, நேற்று நான்தான் இஸ்திரி போட்டேன், கரண்ட் போய்விட்டது. காலரில் குத்தியிருக்கிற புது மைக் அவர் மூச்சு விடுவதைக்கூட எடுத்துப் போடுகிறது. பக்கத்தில் தங்கபுஷ்பம் அக்கா என் முழங்கையை இடிக்கிறார்கள். பெண்கள் சங்கத் தலைவி, வெள்ளைச் சேலை, வயதுக்கு மீறிய குரல். “ஐயரம்மா, ஐயர் இன்னைக்குச் சீக்கிரம் முடிப்பாவளா? ஆட்டுக்கறியைச் சட்டியில ஏத்தி சிம்ல வச்சிட்டு வந்துட்டேன். வீட்ல ஒரு ஆள் கிடையாது.” வீடு ஆலயத்து மதிலுக்குப் பின்னால்தான், ஜன்னல் வழியாக ஓடு தெரியும். இப்பத்தான் முதலாவது போகுது அக்கா என்றேன். “முதலாவதா” என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டது பக்தியில் இல்லை. கறி என்றதும் எனக்கு ரொட்டி ஞாபகம் வந்துவிட்டது. விசாரணையில் சாட்சி சொன்ன ரொட்டிக்காரன் பெண்டாட்டி ஒருத்தி உண்டு. அவளிடம் கேட்டது, லீஸ்பெத் என்ன பேசினாள் என்று. அவள் சொன்னது, அது எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் அவள் ஜெபித்து முடிக்கிறதற்குள் என் அடுப்பில் ரொட்டி அத்தனையும் கருகிப்போயிற்று. என்ன பிழைப்பு பார். விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தினால் ரொட்டிக் கணக்குச் சொல்லிக்கொண்டு. மீனலோசனி மேடம் அந்த இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு ‘தேவையற்ற தகவல்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அடித்துவிட்டேன்.

ஜெபம் வேறு, பிரசங்கம் வேறு. வேறா? தங்கபுஷ்பம் அக்காவைக் கேட்டால் தெரியும். வீட்டுக்கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஊர் விவகாரம் பூராவும் பரலோகத்துக்குப் போகும். “ஆண்டவரே, பக்கத்து வீட்டுல ராத்திரி பகலா மோட்டர் போட்டு எங்க கிணத்துத் தண்ணிய உறிஞ்சுதாவ, நீர் அதை அறிவீர்.” பக்கத்து வீட்டுக்காரி அங்கேயே முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பாள். “கட்டி வந்த பிள்ளைகளுக்கு மாமியாரை மதிக்கிற நல்ல மனசைத் தாரும் தகப்பனே.” கட்டி வந்த பிள்ளை எனக்கு எதிரில்தான் இருந்தாள், கன்னம் சிவந்து, வாயே திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு எரிச்சல். எதுவாக இருந்தாலும் கண்ணைத் திறந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு ஆண்டவரை நடுவில் இழுக்கிறீர்கள் என்று வீட்டுக்கு வந்து இவரிடம் பொரிந்து தள்ளினேன். இவர் சிரித்தார். “ஜெபத்துக்கு நடுவுல யாரு எப்சி வாயத் திறக்க முடியும்? அதான் அந்தம்மாவுக்குத் தைரியம்” என்றார். இவர் சிரிக்கும்போது நல்லவராகத்தான் இருக்கிறார். நல்லவர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவார். லத்தீன் அகராதியைச் சென்னையிலிருந்து சுமந்து வந்து தந்ததே இவர்தான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது, முழுசாகக் கோபப்படவும் வழி இல்லை பார்.

“இரண்டாவது, அர்ப்பணம். லீஸ்பெத் அம்மாவுக்குப் படிப்பு இருந்தது, அறிவு இருந்தது. ஆனா, குருவானவர் சொன்ன ஒரே வார்த்தைக்குக் கீழ்ப்படிஞ்சு எல்லாத்தையும் விட்டாங்க.” எங்கே விட்டாள்? எந்தப் பக்கத்தில் விட்டாள்? விசாரணை முடிந்து ஒரு மாதம் போவதற்குள் அவள் மறுபடி சந்தை முக்கில் நிற்கிறாள், மறுபடி ரொட்டி கருகுகிறது. எழுந்து நின்று சொல்லலாமா? ஐயரம்மா எழுந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து யாராவது சோடா வாங்க ஓடுவார்கள். அவளைப் பற்றி எழுதிய அந்த மனுஷரும் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அவளை ரொம்ப மதித்தார். மதித்து மதித்து, அவள் சொன்னதையெல்லாம் தன் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டு, அவளுக்கு மௌனத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். இவர் மேலே இருந்து சபையை ஒரு சுற்றுப் பார்க்கிறார், பார்வை பெண்கள் பக்கம் வந்து என்மேல் நிற்கிறது, அந்தச் சிரிப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை. வியாழக்கிழமை நான் பீடத்துக்குப் பச்சைத் துணி தைத்துக்கொண்டிருந்தேன், ஓரம் மடித்துக் குத்துவதற்கு வாய் நிறைய குண்டூசி. இவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “எப்சி, யோசிச்சுப் பாத்தியா? சங்கத்துக்குச் செயலாளர் இல்லாமக் கிடக்கு. தங்கபுஷ்பம் அக்கா ஒத்த ஆளா எவ்வளவுதான் செய்வாவ. இத்தனை வருஷம் படிச்சாச்சு, உன் கைடும் இழுத்தடிக்கிறாங்க. இதை விட்டுட்டா உனக்கும் நிம்மதி, ஊழியத்துக்கும் நல்லது. என்ன சொல்ற?” என்றார். நான் என்ன சொல்ல. வாயில் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். பாதி எடுப்பதற்குள், “அப்ப சரி” என்று எழுந்து போய்விட்டார். அப்ப சரி. எது சரி, எதற்குச் சரி, யார் சரி சொன்னது?

“மேல்நாட்டு உதாரணம் எதுக்கு பிரியமானவர்களே, நம்ம மத்தியிலயே இருக்கு” என்றார் இவர், குரலில் ஈரம். “என் மனைவி எப்சிபா பல வருஷமா ஒரு பெரிய ஆராய்ச்சி செய்துட்டு வந்தாங்க. இப்ப ஊழியத்தினிமித்தம் அதை ஆண்டவருடைய பாதத்துல வச்சிட்டு, நம்ம பெண்கள் சங்கத்துச் செயலாளரா முழு நேரமும் உழைக்க மனப்பூர்வமா முன்வந்திருக்காங்க.” ஸ்தோத்திரம் என்றது ஆண்கள் பக்கம். பின்னால் யாரோ கை தட்டி, ஆலயம் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் அக்கா என் கையைப் பிடித்து, “எங்கிட்டச் சொல்லவே இல்லியே ஐயரம்மா” என்றார்கள். எங்கிட்டயும் சொல்லலை அக்கா என்று வாய் வரை வந்தது. முகத்தில் என்ன இருந்ததோ, சிரித்திருக்கிறேன் போல, எல்லாரும் திரும்பச் சிரித்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து இந்த முகம் என்னைக் கேட்காமலே சிரிக்கப் பழகிவிட்டது. காதுக்குள் இரைச்சல். மூன்றாவதான அமைதி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. நாலு வருடம். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த நாலு வருடம், இவருக்கு ஒரு தலைப்புக்கு ஆயிற்று. வீட்டுக்குப் போய் பேசிக்கொள்ளலாமா? வீட்டில் என்ன பேசுவது, இனி நான் இல்லை என்றால் சபைக்கு முன்னால் ஐயர் பொய் சொன்னதாக ஆகும், அதனால் நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை என்று இவர் நம்புவார், சபையும் நம்பும், நாளைக்குக் காலையில் மேடத்திடம் நானே போய் அத்தியாயத்தையும் எடுத்துவிடுங்கள், என்னையும் எடுத்துவிடுங்கள் மேடம் என்று நிற்பேன். இப்படித்தான் முடியும், நன்றாகத் தெரிகிறது. பிரசங்கம் பண்ணுகிறவரை நடுவில் மறிக்க இந்தச் சபையில் எனக்கு இடம் இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் பெண்களுக்கென்று வருகிற பெண்கள் ஞாயிறு அன்றுகூடக் கீழே நின்று சாட்சி சொல்லலாம், பீடத்துப் படி ஏறக் கூடாது.

“இந்த அர்ப்பணத்துக்காக நம்ம ஐயரம்மாவே நம்மை ஜெபத்துல நடத்துவாங்க. எல்லாரும் தலைகளைத் தாழ்த்தி, கண்களை மூடுவோம்.” மூடினார்கள். எழுந்து நின்றேன். யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி பார்த்துவிட்டேன், அப்படிப் பார்க்கக் கூடாதுதான். ஆலயம் பூராவும் குனிந்த தலைகள். வெள்ளைச் சட்டைகள், முக்காடுகள், பாயில் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளைகள். மேலே இவரும், இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, கண்ணை மூடி, குனிந்து. நான் ஆமென் சொல்லுகிற வரைக்கும் யாரும் தலை தூக்க முடியாது. யாரும் வெளியே போக முடியாது. யாரும் வாயைத் திறக்க முடியாது. ரொட்டிக்காரன் பெண்டாட்டி. ஐயோ, அந்த மகராசி. அடுப்பில் ரொட்டி கருகுவது தெரிந்தும் அவள் ஏன் எழுந்து போகவில்லை என்று எனக்கு ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா? மேடத்துக்குத் தோன்றியதா? அவள் போகவில்லை, ஏனென்றால் லீஸ்பெத் இன்னும் ஆமென் சொல்லவில்லை. பிரசங்கம் என்று ஆரம்பித்திருந்தால் ஊர்க் குருவானவர் முதல் வரியிலேயே இறக்கி விட்டிருப்பார். ஜெபம் என்றதும் அவரும் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்திருப்பார். அவள் விசாரணையில் பொய் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. எரிச்சலாகக்கூட இருந்திருக்கும் அவளுக்கு, எத்தனை தடவைதான் கேட்பீர்கள் என்று.

“எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே” என்றேன். குரல் மைக்கில் பெரிதாகக் கேட்டது. “இந்த ஓய்வுநாளுக்காக உம்மைத் துதிக்கிறோம்.” ஆம் ஆண்டவரே என்றது மேலிருந்து ஒரு குரல். இவர்தான். யார் ஜெபித்தாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆம் ஆண்டவரே போடுவது இவர் வழக்கம், காலர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். “உம்முடைய ஊழியர் மூலமாக நாங்கள் கேட்ட செய்திக்காக ஸ்தோத்திரம்.” ஆம் ஆண்டவரே. “லீஸ்பெத் என்கிற உம்முடைய மகளை நீர் அறிவீர். அவள் மௌனமாக இருந்தவள் அல்ல, தன் வேலையை விட்டவளும் அல்ல என்பதை நீர் அறிவீர்.” ஆம் ஆண்டவரே. இவர் கேட்கவில்லை, வாய் தானாகச் சொல்கிறது, என் முகம் தானாகச் சிரிக்கிற மாதிரிதான். “இந்த ஆராய்ச்சியை விட்டுவிடும்படி நீர் என்னிடம் சொல்லவில்லை, ஆண்டவரே. விட்டுவிட்டேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.” ஆம் ஆண்ட, என்று மைக் பாதியில் நின்றது. எங்கோ ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. “நாளைக்கு நான் யுனிவர்சிட்டிக்குப் போவேன் தகப்பனே. அதற்கான பெலனைத் தாரும். உம்முடைய ஊழியர் அன்பினால் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார், அவரை மன்னியும். அடுத்த தடவை கேட்டுவிட்டுச் சொல்லவும், கேட்டால் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கவும் அவருக்குப் பொறுமையைத் தாரும்.” மேலே மைக்கில் மூச்சு மட்டும் வந்தது, உள்ளே, வெளியே, உள்ளே. அதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்து, வயதுக்கு மீறிய அந்தக் குரல், சத்தமாக, “ஆம் ஆண்டவரே” என்றது. பின்னாலிருந்து இன்னொன்று, மெல்லிசாக, ஒருவேளை கட்டி வந்த அந்தப் பிள்ளையாக இருக்கும். ஜன்னல் வழியாகக் கறி அடிப்பிடிக்கிற வாசம் வர ஆரம்பித்தது, முதலில் லேசாக, பிறகு நன்றாகவே. தங்கபுஷ்பம் அக்கா அசையவில்லை. நான் மைக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“ஆண்டவரே,” என்றேன், “இன்னும் ஒரு காரியம்.”